மரத்துக்குள் கார் போகும் வழி

“…போகும்னு நீங்க சொல்றீங்க மாப்ளே. போர்டுலயும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கான். எனக்கென்னமோ ரெண்டு பக்கமும் கண்ணாடி இடிக்கும்னுதான் தோணுது,” என்றார் என் மாமனார், பின்சீட்டிலிருந்து தலையை முன்னால் நீட்டி.

எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றன. அவற்றுக்கு முன்னால் உயிரோடு நிற்கிற ஒரு ரெட்வுட் மரம். அதன் அடியைக் குடைந்து ஒரு கார் நுழைந்து போகிற அளவுக்கு வழி வைத்திருந்தார்கள். பக்கத்தில் என் மனைவி கேமராவில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் ஐந்து வயது மகள், அவளுடைய அப்பிச்சியான என் மாமனாரின் தோளில் சாய்ந்தபடி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். அதாவது, கை அங்கே இருந்தது.

இரண்டு நாளுக்கு முன், வியாழக்கிழமை காலையில், எனக்கு வேலை போயிருந்தது. இரண்டாயிரத்து ஒன்றில், கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் அது பெரிய செய்தி இல்லை. வாரத்துக்கு ஒருவராவது தெரிந்தவர் போவார். மேனேஜர் கதவைச் சாத்தினார், என்னென்னவோ சொன்னார், நான் “தேங்க்ஸ்” என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சாமான்களைப் போட்டுக் கொடுத்த அட்டைப் பெட்டியைப் பார்க்கிங்கில் இருந்த குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு, குபெர்டினோ லைப்ரரியில் ஐந்தரை மணிவரை உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு வீடு. வெள்ளிக்கிழமையும் அதே லைப்ரரிதான். மனைவி கட்டித் தந்த எலுமிச்சை சாதத்தைக் காருக்குள் சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை.

வேலை போனால் விசாவும் போச்சு. கிரீன் கார்டு பாதி வழியில் நின்றிருந்தது. எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்று ஒரு நண்பரிடம் கேட்டால் பத்து என்றார், இன்னொருவர் அறுபது என்றார். மனைவியோ அந்த வாரம்தான் மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்க ஃபார்ம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை காலை அவள் மறுபடி டிபன் பாக்ஸ் கட்டுவதற்குள் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.

மாமனாருக்குக் காட்டைக் காட்டுவதாக ஒரு மாதம் முன்பே பேச்சு. ஈரோட்டில் முப்பது வருஷம் மரக்கடையும் அறுவை மில்லும் வைத்திருந்தவர். மில்லை மூடி, மாமியாரும் தவறிப் போனபின், என் மனைவி பிடிவாதமாக வரவழைத்திருந்தாள். எனக்கு அவர் பேச்சு பிடிக்கும். மற்றவர்கள் ஸ்டாம்ப் சேர்ப்பதுபோல நான் அவர் சொல்வதையெல்லாம் சேர்த்து வைப்பேன். சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி, நூற்றியொன்றாம் ஹைவேயில் வடக்கே ஓட்டினேன். முதல் பெரிய மரத்தைக் கண்டதும், எல்லோரும் “ஆ” என்று வாயைப் பிளக்கிற இடத்தில், அவர் கண்ணைச் சுருக்கி, “அடிமரம் மட்டும் பத்து லாரி லோடு தேறுமுங் மாப்ளே,” என்றார். “அப்பா, இது பார்க். விலை பேசாதீங்க,” என்றாள் மனைவி. “பேசலை அம்முணி, மனசுல போட்டுப் பார்த்தேன். அதுக்கும் டிக்கெட்டா?”

ஒரே மரத்தைக் குடைந்து செய்த வீடு என்று ஓர் இடம். சக்கரம் வைத்த நீள அறை. உள்ளே கட்டில், மேசை. அவர் குனிந்து நுழைந்து, சுவரை விரலால் தட்டிப் பார்த்து, “வேலை சுத்தம். ஆனா மழைக்கு இவன் கதவு உப்பும்,” என்று தீர்ப்பு சொன்னார். காரில் ஏறும்போது, “கால் மரத்துப் போச்சு கண்ணு, கொஞ்சம் இரு,” என்றார் பேத்தியிடம். அவள் அவருடைய காலைக் கவலையோடு பார்த்துவிட்டு, அப்பிச்சியின் கால் மரமாகிவிட்டதா, எந்த மரம் என்று இங்கிலீஷில் கேட்டாள். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சரியாத்தான் கேக்கறா, சொல்லுங்கப்பா, தேக்கா, வேம்பா?” நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அடுத்து ஒரு கிஃப்ட் ஷாப். வாசலில் மரத்தில் செதுக்கிய கரடிகள், ஆள் உயரத்துக்கு. மனைவியும் மகளும் அவற்றோடு போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். சுவர் ஓரம், விழுந்த மரம் ஒன்றின் குறுக்குவெட்டை நிறுத்தி, வளையங்களில் குட்டிக் கொடி குத்தி வருஷம் எழுதியிருந்தார்கள். மாமனார் கொடிகளைப் படிக்கவில்லை. விரலை வளையங்களின் மேல் ஓட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

“எப்ப நிறுத்துனாங்க மாப்ளே?”

“வியாழக்கிழமைங்க மாமா. உங்களுக்கு எப்படி…”

“மில்லை மூடுறப்ப பதினேழு பேரை நிறுத்துனவன் நான். அடுத்த நாளும் நாலு பேரு அதே நேரத்துக்கு வந்து மில்லு கேட்டுக்கு வெளிய நின்னாங்க, தலையை நல்லாப் படிய வாரிக்கிட்டு. வெள்ளிக்கிழமைன்னா நீங்க டீ-சர்ட்டுல போறவரு. நேத்து சட்டையை அயர்ன் பண்ணி, டக்-இன் பண்ணிக்கிட்டுப் போனீங்க.” விரல் ஓரிடத்தில் நின்றது. “அம்முணிக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“நான் ஊருக்குப் போகட்டும்னு இருக்கீங்களா?”

அப்படித்தான் இருந்தேன். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும், அவர் கிளம்ப இன்னும் பதினோரு நாள்தானே என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“எனக்காக ஒத்திப் போடாதீங்க. ஊர்ல போயி இதை வாயில எடுக்கமாட்டேன். வாயை மூடிட்டு இருக்க எனக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும். வேற எதையாச்சும் பேசிக்கறேன்.” விரலை எடுத்துக்கொண்டு, “நானே சொல்லிருவேன். ஆனா அப்பன் சொல்லித் தெரியற விசயம் இல்லைங் இது. நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே,” என்றார்.

“சொல்றேங்க மாமா.”

சொல்லவில்லை. அதன்பிறகு ஆற்றங்கரையில் நின்றோம், தயிர்சாதம் சாப்பிட்டோம், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் மகளை நடக்கவைத்தோம். ஒவ்வோர் இடத்திலும் மாமனார் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், பிறகு மனைவியின் முகத்தை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வாய் திறக்க மூன்று நான்கு தடவை இடம் கிடைத்தது. மகள் நடுவில் இருந்தாள் என்பது ஒரு சாக்கு. அவள் இல்லாவிட்டாலும் வேறொன்று கிடைத்திருக்கும்.

அப்படித்தான் மாலை நான்கு மணிக்கு இந்த வரிசையில் வந்து நின்றோம். இதுதான் கடைசி இடம். இதற்குப் பிறகு ஹைவே, அதற்குப் பிறகு வீடு. முதல் கார் மரத்துக்குள் போய், உள்ளே நின்று, ஆளாளுக்குத் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டது. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

“நம்ம வண்டியை விடப் பெரிய வேனே போகுதாம்ப்பா,” என்றாள் மனைவி, அவர் கண்ணாடியைப் பற்றிச் சொன்னதற்கு. “உங்க லோடு லாரின்னு நினைச்சீங்களா?” பிறகு என்னைப் பார்த்தாள். “ஏங்க, காலைலேருந்து ஒரு மாதிரி இருக்கீங்களே, முடியலையா? நான் ஓட்டட்டுமா?”

“இல்ல, ஒண்ணுமில்ல,” என்றேன்.

பின்சீட்டில் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. “அம்முணி, நானும் பாப்பாவும் நடந்தே போறோம். நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க,” என்று மாமனார் கதவைத் திறந்தார். பேத்தியை இறக்கினார், அவளுடைய ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்டார், கதவை அழுத்திச் சாத்தினார். நின்றிருந்த கார்களைத் தாண்டி, அவள் கையைப் பிடித்தபடி மரத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே போய், ஓரமாகக் கிடந்த ஒரு கட்டையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.