கழுதை ஆடிய பந்தாட்டம்

எனக்குக் கல்யாணமாகி மலையேறி வந்த வருஷம், மழை ஓய்ந்ததும் வண்டிப்பெரியாரில் பயாஸ்கோப்புக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். படங்கள் அப்போது பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்லுவார்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "ஞாயித்துக்கிழமை போவோமா?" என்று கேட்டார். அத்தை, அதாவது அவருடைய அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளைக்காரி ஆடுறதப் பாக்க நான் வரல."

"கழுதை பந்து விளையாடுற படம்மா."

அத்தை அடிவாரத்துக் கம்பத்திலிருந்து மூட்டை சுமந்து மலையேறும் கழுதைகளோடு வளர்ந்தவர். எழுந்துபோய்க் கம்பளியை எடுத்து உதறினார்.

கூடாரத்துக்குள் பனிமூட்டமும் எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டது. தலைக்கு மேலே போன வெளிச்சம் அதில் பட்டு, பால் ஓடுகிற வாய்க்கால் மாதிரி தெரிந்தது. படத்தில் ஒரு பால்காரக் குடும்பம். ஊர்ப் பந்தாட்டத்துக்கு ஆள் குறைய, பிள்ளைகள் வீட்டுக் கழுதையை இறக்கிவிடுகிறார்கள். அது விசில் ஊதுபவரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"ஏ புள்ள, கழுதைக்குக் கஞ்சி ஊத்துனியா இல்லையா?" என்று வெள்ளைக்காரத் தகப்பனை மதுரைத் தமிழில் பேசவைத்தார் கதைசொல்லி. அம்மா முன்னால் என்னிடம் இரண்டு வார்த்தை பேசக் கூசுகிற என் வீட்டுக்காரர், என் தோளில் சாய்ந்து விழுந்து சிரித்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் திரை வெறும் வெள்ளையானது. கடைசிச் சுருள் வழியில் மழையில் நனைந்து கெட்டுப்போனதாம். ஜனங்கள் கத்தினார்கள். அத்தை எழுந்து நின்றார்.

"கழுதை ஜெயிச்சுச்சா இல்லையா? அதச் சொல்லுங்கய்யா!"

கூடாரம் அடங்கியது. கதைசொல்லி குழலைக் கீழே வைத்துவிட்டு வெறும் வாயால் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதிதான் எங்கள் காதுக்கு எட்டியது. வெள்ளைத் திரைமேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கழுதை வந்தது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன. பந்து அதன் நெற்றியில் பட்டு எழும்பி, திரும்பி வராமலே மேலே போனது. நான் பார்த்தேன்.

எஸ்டேட் லயத்து வீட்டுக்கு நடக்கும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "பின்னங்காலால விட்டுச்சு பாரு ஒரு உதை!"

"உதையா? வாயில கவ்விக்கிட்டுல்ல கோலுக்குள்ள போச்சு," என்றார் அத்தை.

நான் நெற்றியைச் சொன்னேன். அத்தையின் பேச்சுக்கு நான் விடாமல் எதிர்ப்பேச்சு பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. வீடு வரும்வரை மூவரும் வழக்காடினோம்.

சில வருஷம் கழித்துக் கம்பத்தில் அதே படம் ஓடியது. மூவரும் இறங்கிப் போனோம். இந்த முறை கடைசிச் சுருள் இருந்தது. கழுதை பந்தைத் தொடவே இல்லை; கோலுக்குக் குறுக்கே படுத்துத் தூங்கிவிட்டது. எதிராளிகள் அதைத் தாண்ட முடியாமல் தோற்றார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் மூவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அத்தை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இது வேற கழுதை, ஆத்தா," என்றார் என்னிடம்.

"ஆமாத்தை," என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.