இருபத்தைந்தாம் நாளில் அறுந்த அழைப்புகள்

என் பெரியப்பாவின் மூத்த மகனை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சல்லடை என்றே குறிப்பிடுவோம். எட்டாம் வகுப்பில் விழுந்த பெயர் அது. கணக்குத் தேர்வில் தமக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்திருப்பதை ஆசிரியரிடம் காட்டி அண்ணா குறைத்துக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் நேர்மை என்று எழுதியிருப்பேன். பக்கத்துப் பெஞ்சு மாணவர்கள் நால்வரின் விடைத்தாள்களையும் வாங்கிக் கூட்டிப் பார்த்து, அவர்களுக்கும் குறைக்க வைத்தார். அவர்களுள் ஒருவன் அதனாலேயே தேர்ச்சி இழந்தான். அண்ணா அந்த நிகழ்ச்சியைப் பெருமையாகவும் சொல்வதில்லை, வருத்தமாகவும் சொல்வதில்லை. "கூட்டல் தப்பா இருந்தது, சரி பண்ணேன்" என்பதோடு முடித்துவிடுவார்.

அவர் செய்யும் வேலை இன்னதென்று உறவினர்களுக்கு விளக்குவது எளிதாக இருந்ததில்லை. ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் சின்ன அத்தை பல ஆண்டுகள் அவரை நூலகர் என்றே நம்பி, சமையல் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையில் அது தொலைபேசி இணைப்பகங்களின் இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருள். சி மொழியில் எழுதப்பட்ட சிறுசிறு கருவிகளின் தொகுப்பு. நேரத்தை அளப்பது, காத்திருக்கும் அழைப்புகளை வரிசையில் வைப்பது, சுழற்றிய எண்ணை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பிசகாமல் படியெடுப்பது போன்ற சில்லறை வேலைகளை அக்கருவிகள் செய்யும். பெரிய நிரல்களை எழுதுபவர்கள் இவற்றை எடுத்துப் பயன்படுத்திக்கொள்வார்கள். அக்கருவிகளில் உள்ள பிழைகளைக் களைவதும் அவற்றைச் செம்மைப்படுத்துவதுமே அண்ணாவின் பத்தொன்பது ஆண்டு உழைப்பு.

அலுவலகம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குளிரூட்டிகளின் முதுகுதான் தெரியும். பத்து மேசைகள்; சுவரோரமாக, ஓயாமல் முனகும் சோதனை இயந்திரங்களின் அடுக்கு; எதிரே ஒரு வெள்ளைப் பலகை. பலகையின் வலது மேல் மூலையை ஒருவரும் அழிக்கக் கூடாது. அது அண்ணா ஏற்படுத்திய வழக்கம். திங்கட்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, முந்தைய வாரம் சிக்கிய பிழைகளை அவர் எழுந்து நின்று வாசிப்பார்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எழுதியவர் யார். அவற்றுள் மோசமான பிழைக்குரியவரின் பெயர் அந்த மூலையில் ஏறும். அடுத்த பெயர் வரும்வரை இறங்காது. அலுவலகத்தில் அதைக் கல்வெட்டு என்றார்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் கருவி ஒன்று உண்டு; அதை இயக்குவதற்கு ஜாதகம் பார்ப்பது என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளில் மற்ற ஒன்பது மேசைக்காரர்களும் கல்வெட்டில் ஏறி இறங்கினார்கள். அண்ணா ஒருமுறையும் ஏறவில்லை.

இந்த அறைக்குள்தான் அண்ணியின் தம்பி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. முன்பு இருந்த நிறுவனம் மூடிவிட்டது, மணமாகி ஆறு மாதமே ஆகியிருந்தது. அண்ணி ஒரு மாதம் சொல்லிச் சொல்லி, அண்ணா சிபாரிசு செய்தார். ஓராண்டு ஒப்பந்தம், அதன் முடிவில் தகுதி இருந்தால் நிரந்தரம். அந்த நிரந்தரத்தை நம்பித்தான் மைத்துனர் அண்ணாவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அக்காள் வீட்டில் சாப்பிடுவார்கள். அங்கும் அலுவலகம் உடன் வரும்.

"நீ எழுதின ஃபங்ஷனைப் பார்த்தேன்டா. பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. யார் வேணா உள்ள வராங்க, மூட்டையை இறக்கறாங்க, எடுக்காமலே போயிடறாங்க. எடுத்த மெமரியைத் திருப்பிக் குடுக்கணும்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

"அவன் வீடுன்னா என் வீடும்தான்," என்பார் அண்ணி.

"அதான் கேக்கறேன்."

மைத்துனர் சிரித்துவிடுவார். "நாளைக்கே சரி பண்ணிடறேன் மாமா." சொன்னபடி சரியும் செய்வார். அவர் மெதுவாக வேலை செய்பவர். ஆனால் ஒரே தவற்றை இருமுறை செய்ததில்லை. இதை அண்ணாவே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் மாதத்தில், ஒரு கோப்பில் வரிகள் மேடும் பள்ளமுமாக நிற்பதாக மைத்துனர் சாதாரணமாகச் சொன்னார். அண்ணா உடனே அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளிலும் வரிகளின் முன்னுள்ள இடைவெளியை ஒரே சீராக்க வேண்டும். ஒரு சிறு நிரல் எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அது. "மெஷின் பண்ணட்டும், ஆனா நீ ஒவ்வொரு வரியையும் கண்ணால பார்க்கணும்" என்றார் அண்ணா. ஒன்பது நாள் ஆயிற்று. முடிந்தபோது, லைப்ரரியின் ஏறக்குறைய எல்லா வரிகளையும் கடைசியாகத் தொட்டவர் என்ற இடத்தில் மைத்துனரின் பெயர் நின்றது. அன்று அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "ஒன்பதே நாள்ல ஊரையே எழுதி வாங்கிட்டாரு சார்!" என்றார் சோதனைப் பிரிவின் மூத்த பெண்மணி.

ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தபோது, மைத்துனரின் மனைவி கருவுற்றிருந்த வேளையில், ஒரு புதன்கிழமை புகார் வந்தது. மூன்று நகரங்களில் நண்பகலில் பத்து நிமிடம், எடுத்த அழைப்பெல்லாம் எடுத்த கணமே அறுந்திருக்கின்றன. பின்னர் தானாகவே சரியாகிவிட்டது. தானாகச் சரியாகும் பிழையைப் போல அண்ணாவுக்குச் சினமூட்டுவது வேறொன்றுமில்லை. மறுநாள் இரண்டு மணி நேரத்தில் அதைப் பிடித்துவிட்டார்.

பிழை இதுதான். இயந்திரம் தான் இயங்கத் தொடங்கியதிலிருந்து நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். இருபத்து நான்கு நாள், இருபது மணி, முப்பத்தொரு நிமிடம் ஆனதும் எண் நிரம்பி, கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்புவதுபோல் அடியிலிருந்து மீண்டும் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு ஒருவரிடம் "ஒரு மணிவரை காத்திரு" என்கிறோம். அவரோ "ஒன்று பன்னிரண்டைவிடச் சிறியது, ஆகவே ஒரு மணி எப்போதோ கடந்துவிட்டது" என்று எழுந்து போய்விடுகிறார். அந்த வரி செய்தது அதைத்தான். காத்திருக்க வேண்டிய அழைப்புகளைக் காலம் கடந்தவை என்று கருதி வெட்டியது. ஒரு நேரத்தை மற்றொன்றோடு ஒப்பிடாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சத்தைப் பார்த்தால் தீர்ந்தது. முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி இயக்கியதால், அந்த வரி பதினோரு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டது. இம்முறை மூன்று நகரங்களிலும் ஒரே நேரத்தில் இயக்கிய இயந்திரங்களை ஒருவரும் நிறுத்தவில்லை.

அண்ணா வரியைத் திருத்தினார். ஜாதகம் பார்த்தார். மைத்துனரின் பெயர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பிறர் வருமுன், இடைவெளி மாற்றங்களை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்படி அதே கருவியிடம் கேட்டார். அப்படி ஒரு வசதி இருப்பதை அந்த அலுவலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இம்முறை பதினோரு ஆண்டுக்கு முந்தைய ஒரு தேதி வந்தது. கூடவே அவருடைய பெயர் வந்தது. திரையை மூடிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார். இதை என்னிடம் சொன்னவரும் அவரே.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எழுந்து நின்று, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் வாசித்து, மைத்துனரின் பெயரைச் சொன்னார்.

"மாமா, அந்த வரியை நான் எழுதலை," என்றார் மைத்துனர்.

"ஆபீஸ்ல மாமா கிடையாது."

"சரி சார். நான் இடைவெளிதான் மாத்தினேன் சார். நீங்க சொல்லித்தான் மாத்தினேன். பழைய பதிப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

"ஒவ்வொரு வரியையும் கண்ணால பார்க்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்தும் விட்டுட்டே. அப்ப அது யாரோடது?"

நிரல் எழுதுபவர்களுக்கும் கையெழுத்து உண்டு. காத்திருப்பு நேரத்துக்கு அந்த வரியில் இடப்பட்டிருந்த பெயர், அண்ணாவைத் தவிர வேறெவரும் இடாத வகைப் பெயர். மற்ற எட்டு மேசைகளிலும் இருந்தவர்கள் திரையில் அதைக் கண்ட கணமே அறிந்துகொண்டார்கள். ஒருவர் தம் கோப்பைக்குள் பார்த்தார். ஒருவர் செருப்பை மேசைக்கடியில் தேடினார். முன்பு சிரித்த மூத்த பெண்மணி, "சரி, அடுத்தது என்ன சார்?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் அந்த மூலையில் தம் பெயரைச் சுமந்தவர்களுக்கு, வேறொருவர் பெயர் அங்கே ஏறுவது ஒரு வார விடுமுறை. கல்வெட்டில் மைத்துனரின் பெயரை அண்ணா எழுதினார். சற்றுக் கோணலாக விழுந்ததை அழித்து நேராக எழுதினார்.

மாலையில் மேலாளர் அண்ணாவை அழைத்தார்.

"இவரை நிரந்தரமாக்கலாமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான். உங்க மச்சான் வேற."

"மச்சான்கறதுக்காக நான் எதுவும் சொல்ல மாட்டேன். பட்டியல் இருக்கு, பாருங்க."

மேலாளர் பட்டியலைப் பார்த்தார். மூன்று நகரங்கள், பத்து நிமிடம், பெயர். அதற்குமேல் பார்க்க அவருக்கு நேரமில்லை.

மைத்துனரின் கடைசி நாளன்று அவர் நேரே அக்காள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அண்ணா சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்திருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வேலை போகட்டும். அங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் ஒரு தடவை சொல்லுங்க, அது உங்க வரிதான்னு. நான் போயிடறேன்."

அண்ணா தலையைத் தூக்கினார். "எந்த வரி?"

மைத்துனர் அக்காளைப் பார்த்தார். அவர் மடித்த துணியை உதறி மீண்டும் மடித்தார்.

"என்னங்க," என்றார் அண்ணி, "வீட்டுல இருக்கற மூணு பேருக்கும் தெரியும். யாருக்காக மறைக்கறீங்க?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குச் சொல்லணும்?" என்று அண்ணா பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, மைத்துனருக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை ஏறக்குறைய உறுதியாயிற்று. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. முன்னர் வேலை செய்த இடத்தில் விசாரிக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தார் ஒரு சனிக்கிழமை காலை அண்ணாவுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அண்ணி அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா நன்றாகவே பேசினார்: உழைப்பாளி, ஒழுங்கானவர், நேரத்துக்கு வருவார், சொன்னதைக் கேட்பார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படிவரை வந்து நின்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"ஆமா," என்றார் அண்ணா. "அவர் பேர்ல ஒண்ணு பதிவாயிருக்கு. மூணு நகரத்துல லைன் அறுந்தது. இல்லைங்க, சின்னதுன்னு சொல்ல முடியாது."

அந்த வேலை கிடைக்கவில்லை. மைத்துனரும் மனைவியும் குழந்தையும் அவளுடைய பெற்றோர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர் மாமனாரின் மரக்கடையில் அளவு எடுக்கிறார். கணினியைத் தொடுவதில்லை. குழந்தைக்கு இப்போது ஆறு வயது; அத்தையை ஒருமுறை பார்த்திருக்கிறது, மாமாவைப் பார்த்ததில்லை. அண்ணி கணவருக்குச் சமைக்கிறார், துணி மடிக்கிறார், கேட்டதற்கு விடை சொல்கிறார். கேட்காததை ஆறு ஆண்டுகளாகச் சொன்னதில்லை. ஒருமுறை அண்ணாவின் கண்ணாடி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அவர் வீடு முழுக்க இரண்டு மணி நேரம் தேடினார். அண்ணி அந்தப் பெட்டியருகிலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கங்களுக்காகச் சென்ற மாதம் அண்ணாவைச் சந்தித்தேன். தொலைபேசியில் கேட்டவர்களிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னது உண்மைதானே? அவன் பேர்ல பதிவு இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு. எழுதினது யாருன்னு கேக்கலை."

"கேட்டிருந்தா?"

"அப்படி யாரும் கேக்க மாட்டாங்க. பதிவு இருந்தா போதும் அவங்களுக்கு."

எழுதி முடித்ததை அவரிடம் கொடுத்தேன். உயிருடன் இருப்பவர்களைப் பற்றி அவர்கள் பாராமல் எதையும் நான் சேர்ப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார். புகார் வந்த கிழமையை வியாழன் என்று குறித்திருந்தேன். அதை அடித்துப் புதன் என்று திருத்தினார். வேறு எதையும் மாற்றவில்லை.