தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல

சுவரு கட்டுறவன் முன்னாடி மட்டும் மனுஷங்க வெட்கமே படமாட்டாங்க. நம்மளையும் ஒரு கல்லுன்னு நெனைச்சுக்குவாங்க போல. பூண்டுலோயாப் பக்கம் தேயிலத் தோட்டந்தோட்டமாப் போயி மேசன் வேல பாக்குறேன், இங்க மேசன 'பாஸ்'னுதான் கூப்பிடுவாங்க. என்னைய மாதிரி சாந்துக் கரண்டி புடிக்கிறவங்களுக்குத் தெரியும், இந்த வேலையில கையவிட காதுதான் படாதபாடு படும்.

மூடாத எடம்

தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துக் காம்பராவுல நடுச்சுவரு கூரைத் தகரம் வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்முனா அந்தப் பக்கம் "நூறு வயசு"ன்னு சத்தம் வரும். புதுசா கல்யாணம் கட்டி வந்த செல்வி, அந்த இடைவெளிய அடைச்சுத் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா. புருஷன் சிவா த்ரீவீல் ஓட்டுறவன்.

"எதுக்கும்மா?"ன்னு சத்தத்தக் கொறைச்சுத்தான் கேட்டேன். செல்வி தலையக் குனிஞ்சுக்கிட்டா. பதிலு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்துச்சு, அடுத்த காம்பரா ரோஸ்மேரி அக்கா! தூக்கிவாரிப் போட்டு, ஏணியில இருந்து விழப் பாத்தேன்.

"அடைச்சே குடுத்துருங்க பாஸ்! காதுக்குள்ள குசுகுசுன்னு பேசிக்குதுங்க, எங்களுக்கு ஒரு எழவும் வெளங்க மாட்டேங்குது!"

பால் காய்ச்சின அன்னைக்கு

நான் அடைக்க முன்னாடியே அவங்களுக்குத் தனி வீடு கட்ட எடம் கெடைச்சிருச்சு. அதையும் நான்தான் கட்டுனேன். சிவா டீவி வச்சு உக்காந்து பாக்க முன்னால பெரிய ஹோல் கேட்டான். செல்வி கேட்டது, அவங்க ரெண்டு பேருக்குன்னு கதவு வச்ச ஒரு ரூம். "மனசுவிட்டுப் பேசணும் பாஸ்"னு சொன்னா, பாவம். தகரம் வரைக்கும் சுவர ஏத்தி, ஒரு இடுக்கு விடாமப் பூசிக் குடுத்தேன்.

பால் காய்ச்சின அன்னைக்கு ரோஸ்மேரி அக்கா வந்து ரூம் சுவர்ல காத வச்சுப் பாத்தாங்க. பாராட்டப் போறாங்கன்னு மீசையத் தடவிக்கிட்டு நின்னேன். அவங்க முகம் வெளுத்துப் போச்சு.

"ஐயோ மாதாவே, இதுக்குள்ள ஒருத்தி அழுதாக்கூட வெளிய தெரியாதே பாஸ்!"

சுத்தியலோட வாங்க

கொஞ்ச நாள்ல செல்வி எனக்குப் போன் எடுத்துக் கூப்பிட்டா. "சுத்தியலோட வாங்க பாஸ்." சுவரு வெடிச்சிருச்சுன்னு பதறியடிச்சு ஓடுனேன். ஒரு கீறல் இல்ல. ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி, "இந்தச் சுவர ஒடைச்சிருங்க"ன்னா. பைத்தியமா புள்ள ஒனக்குன்னு கத்தியே போட்டேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா.

"லயத்துல அடுத்தவங்களுக்குக் கேட்டுருமேன்னு என் காதுகிட்ட வந்து பேசுவாரு பாஸ். இங்க அந்தப் பயம் இல்ல. கிட்டயே வர்றதில்ல."

ஹோல்ல சிவா டீவியச் சத்தமா வச்சு கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தான். "செல்வி, தேத்தண்ணி!"ன்னு அங்க இருந்தே ஒரு கத்தல். பொண்டாட்டி இங்க விம்மி விம்மி அழுவுறா, அவனுக்குத் தெரியல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! டீவிய நிறுத்திட்டு அவன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவ முகத்தப் பாத்ததும் ஆளு ஆடிப் போயிட்டான். "ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?"ன்னான்.

"கூப்பிட்டேங்க. குசுகுசுன்னு சொன்னப்ப கேட்டுச்சு ஒங்களுக்கு, இங்க கத்துனாலும் கேக்கல."

சிவா அப்புடியே அவ பக்கத்துல உக்காந்துட்டான், நான் சுவர ஒடைக்காமயே சுத்தியலத் தூக்கிட்டு வந்துட்டேன். ஆனா இப்ப யாரு தனி ரூம் கேட்டு வந்தாலும், எத்தன அடின்னு கேக்க முன்னாடி, ரெண்டு பேரும் எவ்வளவு கிட்ட உக்காந்து பேசுவீங்கன்னுதான் கேக்குறேன்.