இரும்பு இல்ல, சில்வர்

என் அப்பா நாள் முழுக்க நெருப்போடு கிடந்தவர். எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. ஆனால் வீட்டு அடுப்பில் ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. அம்மா இருந்தவரை அதற்கு அவசியமும் வரவில்லை. அம்மா இறந்த பிறகு நான் சமைத்தேன். நான் வேலைக்குப் போய்விட்டால் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். கேட்டால், "பகல் பூரா அந்தச் சூட்டுல வெந்துட்டு வரேன். வீட்டுலயும் நெருப்பு முன்னால குந்தச் சொல்றியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தீபாவளி கழிந்ததும் கிளம்ப வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். இந்த மனிதரைப் பிஸ்கட் டின்னோடு விட்டுவிட்டு எப்படிப் போவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். "ஊருக்கே தேயிலை காயவைக்கிறாரு, சொந்த அடுப்பப் பத்தவைக்க மாட்டாராம்லா" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை செய்த பிரிஞ்சாங் டவுன் ஹோட்டல் சமையலறைக்குப் புது மைக்ரோவேவ் வந்தது. பழையதை மூலையில் ஒதுக்கினார்கள். கூச்சப்படாமல் கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். காய்கறி லோரியில் முட்டைகோஸ் கூடைகளுக்கு நடுவில் வைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தேன்.

முதலில் ஓர் அப்பளத்தை எண்ணெய் இல்லாமல் உள்ளே வைத்தேன். அப்பா குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார். அப்பளம் சுற்றிச் சுற்றி வந்து நெளிந்து, புடைத்து, பொரிந்தே விட்டது.

"நெருப்பு எங்க?"

"இல்லப்பா."

"புகை?"

"அதுவும் இல்ல."

அடுத்து கம்போங் ராஜா தோட்டத்துச் சோளத்தைத் தோலோடு வைத்தேன். ஆவி பறக்கக் கடித்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார். அம்மா போன பிறகு சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், உருளைக்கிழங்குக்கு எவ்வளவு நேரம், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "ஒண்ணே ஒண்ணு. இரும்பு மட்டும் உள்ள வைக்காதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் சாயந்தரம் வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் தீய்ந்த வாடை. மைக்ரோவேவுக்குள் ஒரு கிண்ணம், விளிம்பு கறுத்துப்போய் இருந்தது. பொறி பறந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம்.

"இரும்பு வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"இது இரும்பு இல்ல, சில்வர்."

எங்கள் லயத்து வீடுகளில் எவர்சில்வரை யாரும் இரும்பு என்று நினைத்ததில்லை. அலமாரியைத் திறந்தேன். தட்டு சில்வர், டம்ளர் சில்வர், தூக்குச்சட்டி சில்வர். மிச்சமிருந்த எனாமல் மங்குக் கிண்ணமும் உள்ளுக்குள் இரும்புதான். ஹோட்டலில் எல்லாமே பீங்கான் என்பதால் எனக்கு இது உறைக்கவே இல்லை. அப்பளத்துக்கும் சோளத்துக்கும் பாத்திரமே தேவைப்படவில்லை.

"நீ போறதுக்கு நான்தான் குறுக்க நிக்கிறேன்" என்றார் அப்பா.

"ஆமா, இனிமே அதத் தொடவே தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஈப்போ இனி இல்லை என்று மனசுக்குள் முடிவும் கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போதே உருளைக்கிழங்கு வாசனை வந்தது. மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம் நிறையச் சோறு, மேலே மசித்த கிழங்கு, நொறுக்கிப் போட்ட அப்பளம். நீலப்பூப் போட்ட அந்தக் கிண்ணம் எனக்குத் தெரியும். அம்மா அதில்தான் திருநீறு வைத்திருந்தார். சாமி மேடையைப் பார்த்தேன். விளிம்பு கறுத்த சில்வர் கிண்ணத்தில் திருநீறு இருந்தது.

"சாமிக்கு சில்வர் ஒண்ணும் பண்ணாது. அது என்ன உள்ள சுத்தவா போவுது?" என்றார் அப்பா.

சோறு குழைந்திருந்தது, கிழங்கில் உப்பு தூக்கல். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன். அப்பா எதிரே உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டு, பெட்டியில துணிய எடுத்து வை" என்றார்.