லிஃப்ட்காரர் ஓடத் தொடங்கிய கதை

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒல்லியாக இருந்தார் என்று மனைவி சொல்வதுண்டு. அதற்கு இருந்த ஒரே சாட்சி கல்யாணப் போட்டோ. நாற்பதைத் தாண்டியபோது அவருடைய தொப்பை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் அவருக்கு 'ஓவர்லோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் அதிகமானால் லிஃப்ட் கதவை மூடாமல் கீச்சென்று கத்துமே, அந்தச் சத்தத்தை அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது வாயால் எழுப்புவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எளிதில் கோபப்படுகிற ஆள் இல்லை.

வேலைக்கு அவரோடு ஜோடியாகப் போனவர் அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி. இருவரும் ஒரே வேனில் போய், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, நாள் முழுக்க வாயாடிக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

ஒருநாள் காலை ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக இருந்தார். நான்காவது மாடியில் பியானோ சொல்லிக்கொடுக்கிற டீச்சர். இப்படி நின்றால் செய்ய வேண்டியது எளிது. உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடியோடு சேர்த்தால் போதும். ஆனால் அந்தக் கட்டடத்தில் மோட்டார் அறைக்குப் படி கிடையாது. சுவரோடு ஓர் இரும்பு ஏணி, அதன் மேல்முனையில் கூரையில் ஒரு சதுர ஓட்டை. அவ்வளவுதான் வழி.

அந்த ஓட்டைக்குள் அவர் முன்பு பலமுறை போய் வந்திருக்கிறார். கடைசித் தடவை கொஞ்சம் நெளிய வேண்டியிருந்தது. இந்தத் தடவை தலை போனது, தோள் போனது, கைகள் இரண்டும் மேலே தரையைப் பிடித்தன. வயிறு போகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கருவிப் பட்டையும் விளிம்பில் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொண்டது. மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

"மாமா, மூச்ச உள்ள இழுங்க!" என்று கீழேயிருந்து கத்தினார் மைத்துனர்.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு மேல இழுக்க ஒண்ணுமில்ல."

"அப்ப விடுங்க."

"விட்டா இன்னும் இறுகுதுடா!"

மைத்துனர் மெலிந்த ஆள். அவர் போயிருந்தால் ஒரு நொடியில் மேலே நின்றிருப்பார். ஆனால் போகிற வழியைத்தான் மாமா பாட்டிலுக்கு மூடி போட்டதுபோல அடைத்துக்கொண்டிருந்தாரே. கடைசியில் துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒரு வாளி சோப்புத் தண்ணீரும், கீழ் மாடியில் இருந்த பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து ஒரு கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். சட்டையையும் பட்டையையும் வெட்டி, சோப்பு நீரை ஊற்றி, காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வழுக்கிக்கொண்டு மைத்துனர் மேலேயே விழுந்தார். அதற்குப் பிறகுதான் மைத்துனர் ஏறி, லிஃப்டை இறக்கினார்.

பியானோ டீச்சர் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். மைத்துனருக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததைச் சொன்னார்.

"நான்தான் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். மேல நீங்களுமா?" என்றார் டீச்சர். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டையில்லாமல், சோப்பு நுரையோடு நின்றிருந்த மெக்கானிக்குக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. மனைவி வாசல் அறையில் துணிகளை ஆல்டர் செய்து கொடுக்கும் தையல் கடை வைத்திருந்தார். பைக்குள் சுருட்டி வைத்திருந்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கிழிஞ்சதில்ல. வெட்டினது. யார் வெட்டினா?"

"உன் தம்பிதான்."

தம்பிக்குப் போன் போனது. முழுக் கதையும் வந்து சேர்ந்தது. மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்கு டாக்டரப் பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடை குறையாவிட்டால் மாத்திரைதான் என்றார். மேனேஜர் தன் பங்குக்கு அவரை வெளி வேலையிலிருந்து எடுத்துப் போன் மேஜையில் உட்கார வைத்தார். "உங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்" என்றார். ஊரில் அந்தக் கம்பெனி பார்க்கிற எந்த லிஃப்டில் யார் அவசரப் பொத்தானை அமுக்கினாலும் அந்த மேஜையில் மணி அடிக்கும். ஜன்னல் இல்லாத அறை. சக்கரம் வைத்த நாற்காலி. கிரீஸ் வாசனையே இல்லாத கைகளோடு சாயங்காலம் வீட்டுக்குப் போவது அவருக்கு என்னவோ போல இருந்தது. வெளி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் இளைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

முதலில் நடந்து பார்த்தார். தெருவில் நாலு பேர் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரோடும் நின்று பேசி, ஆளாளுக்குக் கூட வந்து, நடை கடைசியில் பேக்கரி பெஞ்சில் போய் முடிந்தது. ஓடுகிறவனை யாரும் நிறுத்திப் பேசமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித்தான் ஓட ஆரம்பித்தார். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்தக் கணக்கும் தப்பாகப் போனது. முதல் நாள் தெருமுனை வரைகூட ஓடியிருக்க மாட்டார், பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய், "என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று கூடவே ஓடிவந்தார். இன்னொருவர் பைக்கை நிறுத்தி, "பஸ் போயிடுச்சா? ஏறுங்க, பிடிச்சிடலாம்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. பேசாமல் ஏறி உட்கார்ந்து, பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கு நடந்தார்.

பிறகுதான் அவருக்கு அந்த இடம் ஞாபகம் வந்தது. கடைத்தெருவில் கார் நிறுத்துவதற்கென்றே கட்டிய பல மாடிக் கட்டடம். அதன் லிஃப்டை அவர் பலமுறை பழுது பார்த்திருக்கிறார். காலையில் கடைகள் திறக்கும்வரை காலியாகக் கிடக்கும். சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதை, வழுவழுப்பான தரை, தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. அங்கே இருந்த காவல்காரர் அவரை உள்ளே விட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"ஓடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா திடீர்னு ஸ்கிரீன்ல உங்களக் காணோம்னா எனக்குப் பக்குனு இருக்கு. உட்காரணும்னா கேமராவுக்கு முன்னாடி உட்காருங்க."

அதனால் ஒவ்வொரு மாடியிலும் கேமரா இருக்கிற தூண்வரைக்கும் எப்படியாவது போய்ச் சேர்ந்து, அங்கே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவார். கையை ஆட்டி, உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு மறுபடி கிளம்புவார். முதல் சில வாரம் ஓட்டம் என்று சொல்ல முடியாது. வேகமாக நடக்கிற ஒருவர் அவரைத் தாண்டிப் போயிருப்பார்.

எடையும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியது. ஓடிவிட்டு வந்தால் அகோரப் பசி. தட்டைக் காலி செய்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பார்.

"ஓடுறது ஒரு பங்கு, உள்ள போறது மூணு பங்கு. இதுக்கு நீங்க வீட்லயே படுத்திருக்கலாம்" என்றார் மனைவி.

அதன் பிறகு சாப்பாட்டு நிர்வாகத்தை மனைவியே கையில் எடுத்துக்கொண்டார். தட்டின் அளவு சுருங்கியது. பிஸ்கட் டப்பா தையல் கடைக்குப் போய் நூல் டப்பாவாகியது. இடையில் மெக்கானிக்குக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்போரம் வலி வந்து மூன்று வாரம் படுத்தார். அந்தச் சமயத்தில்தான், ஓடாத காலை நேரம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்தது. வலி போனதும் மெதுவாகத் தொடங்கினார். ஒருநாள் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல், எங்கும் நிற்காமல், மொட்டை மாடிவரை ஓடிப்போய்விட்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பழைய கார் மட்டும் டயர் இறங்கி நின்றது. அதன் மேல் சாய்ந்து நின்று, ஊர் முழுக்கக் கேட்பதுபோல மூச்சுவிட்டார்.

பேன்ட்டுகளை மனைவி இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "இனிமே பிடிக்க இடமில்ல. பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. புதுசுதான் தைக்கணும்" என்றார். அவர் குரலில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை, ஆனால் துணியை அன்றே வெட்டினார்.

ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. குண்டாக இருந்தபோது கிண்டல் செய்தவர்கள் இப்போது குரலைத் தாழ்த்தினார்கள். "சுகரா?" என்று கேட்டார்கள். "எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" என்றார்கள். மாமியார் ஒருநாள் வந்து, மருமகனைப் பார்த்த மாத்திரத்தில் சமையலறைக்குப் போய்விட்டார். "எங்கிட்ட மறைக்காத. என்ன வியாதின்னு சொல்லு" என்று மகளிடம் அழுதார். மகள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் கார் நிறுத்தக் கட்டடத்துக்கே அழைத்துப் போய், மருமகன் ஓடுவதைக் காட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் அவர், "நல்லா இருக்கிற மனுஷன் எதுக்கு இப்படி ஓடணும்?" என்றுதான் கேட்டார்.

இதற்கிடையில் போன் மேஜையில் ஒன்று நடந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று கத்தினார். கதவைக் குத்தும் சத்தம் போனில் கேட்டது. மைத்துனர் வேனில் கிளம்பிவிட்டார், போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். வழக்கமாகச் சொல்கிற சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

"சார், நானும் ஒருதடவ மாட்டியிருக்கேன்" என்றார் மெக்கானிக். "லிஃப்ட்ல இல்ல. கூரையில."

"என்னது?"

"கூரை ஓட்டையில சார். வயிறு போகல. பாதி மேல, பாதி கீழ. லிஃப்டுக்குள்ள ஒரு டீச்சர் வேற காத்துக்கிட்டு இருக்காங்க."

எதிர்முனையில் குத்துகிற சத்தம் நின்றது. "அப்புறம்?"

அவர் சோப்புத் தண்ணீரையும் கத்தரிக்கோலையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கொஞ்சம் கூட்டியும் சொன்னார். அந்த மனிதர் முதலில் இருமினார், பிறகு சிரித்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். மைத்துனர் கதவைத் திறந்தபோது அவர் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பயந்துபோனவர்களுக்குச் சிரிப்பு எவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று மெக்கானிக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பியானோ டீச்சர்மேல் இருந்த வருத்தமும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் பலபேருக்குச் சொன்னார்.

உடல் பரிசோதனை அறிக்கை நல்லபடியாக வந்ததும் மேனேஜர் அவரை வெளி வேலைக்கு அனுப்பினார். ஒரு சாதாரண பராமரிப்பு நாளில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் முறை வந்தது. அவரும் மைத்துனரும் போனார்கள். ஏணியில் மெக்கானிக்தான் ஏறினார். தோள் போனது, வயிறு போனது, கால் போனது. மேலே தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக மோட்டார் அறை இருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார், கயிறுகளைத் துடைத்தார், இறங்கினார். பார்க்க யாரும் வரவில்லை. மனதுக்குள் எத்தனையோ தடவை ஏறிப் பார்த்த ஏணி அது. நேரில் ஏறியபோது மற்ற வேலைகளுக்கு நடுவே ஒரு வேலையாகப் போய்விட்டது.

"எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டார் மைத்துனர்.

"லைட் ஒண்ணு எரியல. மாத்தணும்."

சில வாரத்தில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். போன் மேஜைக்குப் புதிதாக வந்தவர் மாட்டிக்கொண்டவர்களிடம் எரிந்து விழுவதாகப் புகார். "நீங்க திரும்பி வர்றீங்களா?" என்றார். மெக்கானிக் ஒருநாள் யோசித்தார். பிறகு காலையில் மேஜை, மதியத்துக்கு மேல் வெளி வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எதை விட்டு ஓட வேண்டும் என்று ஆரம்பித்தாரோ அதில் பாதியைத் தானே கேட்டு வாங்கியதில் மைத்துனருக்கு ஆச்சரியம். கம்பெனியில் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், இந்த மெலிந்த மனிதருக்கு ஏன் அந்தப் பெயர் என்று விழிப்பார்கள்.

ஒருமுறை ஊரில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்தார். கூட்டத்தின் வால் பக்கம் வந்தார், பதக்கம் ஒன்று கிடைத்தது. ஒலிபெருக்கியும் ஆரவாரமும் பிடிக்காமல் அதற்குப் பிறகு போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மனைவிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கையைத் தூக்கக்கூடாது என்றார்கள். சமையல், துணி, கடைக்கு வருகிறவர்களுக்குப் பதில், எல்லாம் அவர் தலையில். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அடுப்படியிலும் மாதங்கள் போயின. ஷூ கட்டில் அடியில் கிடந்தது. இளைத்ததில் பாதி திரும்பி வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. புலம்பவும் இல்லை.

மனைவி தானாகத் தலைவாரிக்கொண்ட அன்று காலையில், அவர் ஷூவைத் தேடி எடுத்து வாசலில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினார்.

"எவ்வளவு தூரம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மனைவி.

"தெரியல. முடிஞ்ச மட்டும்."

இந்த முறை தெருவிலேயே ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் பால் பையோடு ஒதுங்கி வழிவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கால்வாய்ப் பாலம் வரைக்கும் ஓட முடிந்தது. அங்கிருந்து நடந்தே வீடு வந்தார். மறுநாளும் போனார்.