மூன்று விமானங்கள் வைத்திருந்த நாடு

தொண்ணூறுகளில் நான் சூரிச் விமான நிலையத்தில், விமானங்களின் உள்ளே துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். விடியற்காலையில் வின்டர்தூரிலிருந்து ரயிலில் போவேன். பயணிகள் இறங்கியதும் நாங்கள் ஏறுவோம். குப்பை பொறுக்கி, சீட்டுகளைத் துடைத்து, பெல்டுகளைக் குறுக்காக மடித்து வைத்துவிட்டு, அடுத்த கூட்டம் வருமுன் இறங்கிவிட வேண்டும். கணக்கில்லாத விமானங்களில் ஏறியிருக்கிறேன். ஒன்றுகூட என்னை ஏற்றிக்கொண்டு பறந்ததில்லை.

என்னோடு சோடியாக வேலை செய்தவள் மத்திய அமெரிக்காக்காரி. நாட்டின் பெயரைச் சொன்னால் நான் அன்று முழித்ததுபோல் நீங்களும் முழிப்பீர்கள், விட்டுவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவள். சுவிஸ்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, அவன் செத்தபின் இந்த வேலையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் தன் நாட்டின் தேசிய விமான சேவையில் பணிப்பெண். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான். அந்த ஜெர்மனில் விமான சேவையின் சரித்திரத்தைச் சொல்லிச் சொல்லித்தான் சீட் துடைப்பாள்.

உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் கழித்துவிட்ட பழைய விமானங்களை வாங்கித் தொடங்கினார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் றோட்டே இல்லாத ஊர்கள். மாப்பிள்ளை வருவதும் விமானத்தில்தான், மாட்டுக்கு மருந்து வருவதும் விமானத்தில்தான். கோழிக்கு டிக்கெட் இல்லை, மடியில் வைத்திருந்தால் போதும். அவள் சேர்ந்தபோது ஜெட் வந்துவிட்டது. மூன்றே மூன்று. அதிலும் ஒன்று எப்போதும் திருத்தத்தில் கிடக்கும். வெளிநாட்டுக்காரர் அதை வைத்துப் பகிடி பண்ணுவார்களாம். அதைச் சொல்லும்போதே அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"மூண்டெண்டாலும் வாலில எங்கட கொடி இருந்தது" என்பாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அவர்களுடைய தலைநகரம் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. இறங்கும்போது இறக்கை கூரைகளைத் தொட்டுவிடும்போல் போகுமாம். ஆனால் அந்த நேரத்தில் பணிப்பெண் பயணிகளைப் பார்த்தபடி தன் சீட்டில் பெல்ட் போட்டு இருக்க வேண்டும். எத்தனையோ தரம் இறங்கியும் தன் ஊரை அவள் மேலேயிருந்து ஒருதரமும் சரியாகப் பார்த்ததில்லை. பழைய ஊழியர்கள் ஆயுள் முழுக்க இலவசமாகப் பறக்கலாம் என்றொரு சலுகை இருந்தது. மயாமிவரை வேறு விமானத்தில் போய், அங்கிருந்து தன்னுடைய விமானத்தில், ஒரு பயணியாக, ஜன்னலோரம் இருந்து ஊர் பார்த்து இறங்க வேண்டும். அக்கா ஒருத்தி அங்கே காத்திருந்தாள். புருஷனின் நோய், பிறகு பிள்ளையின் படிப்பு என்று தள்ளித் தள்ளி, "வாற நத்தாருக்கு" என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் முகம் வீங்கி வந்தாள். விமான சேவையை மூடிவிட்டார்கள் என்று அக்கா ரெலிபோனில் சொல்லியிருக்கிறாள்.

"இனி நான் போகமாட்டன்" என்றாள்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கிழமைக்கணக்கில் அதே பாட்டைப் பாடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த நாட்களில் ஒருமுறை இலங்கை விமானம் எங்கள் கைக்கு வந்தது. அதில் ஏறினாலே எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது. சீட் பைக்குள் யாரோ விட்டுப்போன தமிழ்ப் பேப்பர் இருக்கும், கறி மணக்கும். அங்கே நின்று அவள் மறுபடி தொடங்கினாள். நான் கத்திவிட்டேன்.

"பிளேன்தானே இல்லை? நாடு இருக்குத்தானே, அக்கா இருக்கிறாதானே! ஏதாவதொண்டில ஏறிப் போவன்!"

அவள் கோபிக்கவில்லை. "இது உன்ர நாட்டுப் பிளேன். நீ ஏன் ஒருக்காலும் போகேல்லை?" என்று கேட்டாள்.

என் அகதிப் பயணப் புத்தகத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் வாசலில் நின்று கூப்பிட்டதும் மிச்சச் சீட்டுகளைத் துடைத்துவிட்டு இறங்கினோம்.

அந்த நத்தாருக்கு அவள் போனாள், வேறு நாட்டு விமானத்தில், காசு கொடுத்து.

தை மாதம் வேலைக்குத் திரும்பியபோது பத்து வயது குறைந்திருந்தாள். "ஜன்னலோரம்தான் இருந்தனான். எல்லாம் இருந்த இடத்திலயே இருக்குது. மலை, மாதா கோயில், அக்கான்ர கூரை. மேல இருந்தே கண்டுபிடிச்சிட்டன்!" என்றாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். பொறாமையும் பட்டேன், உண்மையைச் சொன்னால் பொறாமைதான் கூடுதல்.

"உன்ர வீட்டை மேல இருந்து கண்டுபிடிக்கலாமோ?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு விமானத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சண்டைக்குள் ஊரையே வெளியேற்றிவிட்டு ஓடுபாதையை நீட்டினார்கள். கிணறு, மாமரம், அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய இரண்டு அறை, ஒன்றும் மிச்சமில்லை என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவையும் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

"என்ர வீடு இருந்த இடத்தில இப்ப பிளேன் இறங்குது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஈரக் கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஒருநாளைக்கு நீ நேர உன்ர வாசலிலயே இறங்குவாய்!"

"ஓம்" என்றேன்.