விதைத்தவர் யார்?

மழை விட்டதும் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து எங்களை வயல்களுக்கு அனுப்பினார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் குளம் நிரம்பி வான் பாய்ந்து, மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. யாருக்கு எவ்வளவு அழிவு என்ற விபரத்தை வைத்துத்தான், அடுத்த போகத்துக்கு யாருக்கு இலவச விதைநெல் கொடுப்பது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். நான் புள்ளிவிபரக் கிளையில் மூத்த உத்தியோகத்தர்.

முழங்காலளவு தண்ணீரில் நின்று புவனேஸ்வரி அக்கா அழுகிய நெற்கதிரைப் பிடுங்கிக் காட்டினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் அவருடையது.

"காணி ஆற்ற பேரில அக்கா?"

"யாழ்ப்பாணத்து ஐயாவின்ர. நெல்லு என்ர."

படிவத்தில் காணி உரிமையாளருக்கு மட்டுமே இடமிருந்தது. அப்படியே நிரப்பினால் விதைநெல் யாழ்ப்பாணத்துக்குப் போகும். ஓரத்தில் 'குத்தகைக்காரர்' என்று எழுதத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ மிஸ், எழுதாதேங்கோ! குத்தகை எண்டு பதிஞ்சா நாளைக்கு நான் உரிமை கேப்பன் எண்டு ஐயா பயப்பிடுவார். பிறகு காணி தரமாட்டார்."

அந்த ஊரில் பலரும் இதையே சொன்னார்கள். கந்தோருக்குத் திரும்பியதும், பயிர்செய்பவரையும் படிவத்தில் சேர்க்க வழியுண்டா என்று எங்கள் கிளைப் பணிப்பாளரிடம் கேட்டேன்.

"மிஸ், கேட்டதை மட்டும் நிரப்புங்கோ. எனக்குத் தலையிடி தராதேங்கோ."

கந்தோரில் சும்மா இருக்கப் பொறுக்கவில்லை. விடிந்ததும் லீவு போட்டுவிட்டு அக்காவிடம் போய், யாழ்ப்பாணம் போய் ஐயாவிடம் கதைத்தால் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நானும் வாறன். நானே கேக்கிறன்." பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் ஐயாவின் வீட்டுக்குப் போனோம்.

"ஐயா, காணி உங்கடதான். செத்தது என்ர நெல்லு," என்றார் அக்கா.

பெரியவர் என் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "குத்தகை எண்ட சொல்லு மட்டும் வேண்டாம், பிள்ளை," என்றார் என்னிடம்.

"இந்தப் போகம் விதைச்சவ எண்டு எழுதலாமோ?"

"அது உண்மைதானே. எழுதுங்கோ."

ஊருக்குத் திரும்பிய கையோடு வீடு வீடாகப் போனேன். "காணி ஆற்ற?" என்று கேட்கவில்லை. "இந்தப் போகம் ஆர் விதைச்சது?" என்று கேட்டேன். முதலில் எழுதவேண்டாம் என்றவர்களும் பதில் சொன்னார்கள்; அந்தப் பெயர்களைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்.

கூட்டத்தில் தலைமை தாங்கியவர் விபரத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப காணிக்காரருக்குக் குடுத்தா விதை வயலுக்குப் போகாதே?"

தலையிடி வேண்டாம் என்ற பணிப்பாளர்தான் எழுந்தார். "போகாது சேர். விதைச்ச ஆக்களுக்குத்தான் குடுக்கவேணும்." அப்படியே முடிவானது.

அக்காவுக்கு விதைநெல்லும் கிடைத்தது, காணியும் நிலைத்தது. ஆனால் விதைப்புக் காலத்தில் இன்னொருவர் கச்சேரிக்கு வந்தார். விதைத்தவர் என்று இவர் பெயர் பதிந்ததைக் கேள்விப்பட்டு, இவருடைய காணிக்காரர் வயலைத் திருப்பி எடுத்துவிட்டார்.

"விதைநெல்லு வீட்டில கிடக்குது மிஸ். விதைக்கத்தான் வயலில்லை."

கேள்வியைத் திருத்தினால் கணக்குத் திருந்தும். ஆனால் கணக்குச் சரிவந்த அன்றோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பதில் சொன்னவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று திரும்பவும் போய்ப் பாருங்கள்.